நோயர் மொழி அறியாத மருத்துவர்க்கு உரிமமா?



சேலத்துச் சமவெளியிலும் நாமக்கல் மேட்டுநிலத்திலும் இன்று எத்தனையோ ஊர்களில், மகனையோ மகளையோ மருத்துவம் படிக்க அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒற்றி வைத்த நிலத்தின் வட்டியை எண்ணிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உள்ளன. கோழிப்பண்ணை வைத்தவர், சரக்குந்து ஓட்டியவர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியோடு வடநாடெங்கும் அலைந்தவர், தறி நெய்தவர், சவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கு சுமந்தவர் ஆகிய இவர்கள் சேர்த்த பணம் உருசியாவுக்கும் சார்சியாவுக்கும் கிர்கிசியாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் போகின்றது. ஆறாண்டு கழித்துப் பிள்ளை பட்டத்தோடு திரும்புகின்றான். திரும்பியவனைத் தில்லி வாயிலிலேயே நிறுத்தி, “நில்! நீ மருத்துவன்தானா என்று நாங்கள் ஆராய வேண்டும்” என்கின்றது.

ஆராயட்டும். ஆராயத்தான் வேண்டும் என்று நாமும் சொல்கின்றோம். ஆனால் எதை ஆராய்கின்றது? எந்த மொழியில் ஆராய்கின்றது? யாருக்காக ஆராய்கின்றது? இம்மூன்று வினாக்களையும் இந்நாட்டில் கேட்பார் இல்லை. பிள்ளை தேறினானா, தோற்றானா என்று மட்டுமே கேட்கின்றனர். நோயில் கிடக்கும் தமிழன் கேட்க வேண்டிய வினாவோ வேறு. அதனைக் கேட்பதற்கே இக்கட்டுரை.

தேர்வு எப்படிப்பட்டது?

1956-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மன்றச் சட்டம் 2001-இல் திருத்தப்பட்டது. அயல்நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற இந்தியக் குடிமகன் இங்குத் தொழில் செய்ய வேண்டுமாயின், தகுதிகாண் தேர்வு ஒன்றில் தேற வேண்டும் என்று அத்திருத்தம் கூறிற்று. 2002 முதல் அத்தேர்வு நடக்கின்றது. தில்லியிலுள்ள தேசியத் தேர்வு வாரியம் ஆண்டுக்கு இருமுறை அதனை நடத்துகின்றது. வினாக்கள் முந்நூறு, நூற்றைம்பதற்குச் சரியான விடை அளித்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் கழிவதில்லை. ஒருமுறை எழுதக் கட்டணம் ஆறாயிரம் உருபாவுக்கு மேல். தேர்வு மொழி ஆங்கிலம், ஆங்கிலம் மட்டுமே.

2023 திசம்பர்ப் பருவத்துக்குரிய தேர்வை 37,827 பேர் எழுதினர். தேறியவர் 7,781 பேர். ஐவருள் ஒருவர் தேறினார். நால்வர் வெளியே நின்றனர். பல ஆண்டுகளாக நிலை பெரும்பாலும் இதுதான். தோற்றவர் மீண்டும் பணம் கட்டுகின்றார்; மீண்டும் எழுதுகின்றார். இத்தேர்வுக்கென்றே பயிற்சி நிலையங்கள் தழைக்கின்றன. முதலில் பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்பிய தரகனுக்குக் கூலி. பின்னர் அயல்நாட்டுக் கல்லூரிக்குக் கட்டணம். அதன்பின் பயிற்சி நிலையத்துக்குக் காணிக்கை. உழவன் விற்ற காணி ஒன்று. அதைத் தின்ற வாய்கள் மூன்று.

இவர்கள் ஏன் அயல்நாடு போகின்றனர் என்று ஏளனம் செய்வோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். இங்குள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் மருத்துவத்துக்கு ஓராண்டுக் கட்டணமே இருபது இலக்கம் உருபாவுக்கு மேற்படுகின்றது. அயல்நாடுகள் பலவற்றில் அத்தகைய ஓராண்டு, ஈராண்டுக் கட்டணத்தில் முழுப் படிப்பும் முடிந்துவிடுகின்றது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காத, தனியார் கல்லூரிக்குப் பணமும் இல்லாத குடும்பத்துப் பிள்ளைதான் பனிநாட்டுக்குப் போகின்றான். பெரும்பணக்காரன் பிள்ளை ஊரிலேயே படித்துக்கொள்கின்றான்.

தேர்வே வேண்டா என்பது நம் கருத்தன்று. அயல்நாட்டுக் கல்லூரிகள் எல்லாம் ஒரு தரத்தன அல்ல. நோயரைத் தொட்டே பாராமல் பட்டம் பெறும் இடங்களும் உண்டு. நம் பிள்ளை என்பதற்காகத் தகுதியில்லாக் கையில் கத்தியைக் கொடுத்து, நம் தாயின் வயிற்றைக் காட்ட நாம் ஒப்போம். உயிரோடு விளையாட எவருக்கும் உரிமை இல்லை, தமிழனுக்கும் இல்லை. ஆயின், உயிரைக் காக்கத்தான் இத்தேர்வு என்று சொல்வோர், அதனை நேர்மையாக நடத்துகின்றார்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இரண்டு துலாக்கோல்

முதற்கண், இத்தேர்வு எல்லார்க்கும் உரியதன்று. உள்நாட்டுத் தனியார் கல்லூரியில் ஒரு கோடிக்கு மேல் கொட்டிப் படித்தவனுக்கு, அவன் படித்த பல்கலைக்கழகத் தேர்வே போதும். அதற்கு மேல் உரிமத் தேர்வு எதுவும் இல்லை. உள்நாட்டில் படித்தவர்க்கும் வெளிநாட்டில் படித்தவர்க்கும் ஒரே உரிமத் தேர்வு வைப்போம் என்று 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் சொன்னது. மூன்றாண்டுக்குள் நடத்த வேண்டும் என்று நாளும் குறித்தது. நாள் தள்ளிவைக்கப்பட்டது, மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது, இன்றுவரை அத்தேர்வு நடக்கவில்லை. அது நல்லதா தீயதா என்பது வேறு வழக்கு. ஆனால் உயிர்க்காப்பே நோக்கமாயின், உள்நாட்டான் கத்தி மட்டும் ஆராயாமலே கூரியது என்று எப்படித் தெரிந்தது?

இரண்டாவது, அயல்நாடுகளுள்ளும் விலக்குப் பெற்றவை உண்டு. ஐந்து நாடுகளில் மருத்துவப் பட்டமும், அந்நாடுகளிலேயே மேற்பட்டமும் பெற்று, அங்குத் தொழில் செய்ய ஏற்கப்பட்டவர், இத்தேர்வை எழுத வேண்டா. அவ்வைந்து நாடுகள் எவை? இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஆசுத்திரேலியா, நியூசிலாந்து. தமிழ்மக்களே, இவ்வைந்து பெயர்களையும் மீண்டும் ஒருமுறை படியுங்கள். இவற்றை ஒன்றாகக் கட்டும் கயிறு எது? செருமனியின் மருத்துவம் தாழ்ந்ததா? சப்பானின் மருத்துவம் தாழ்ந்ததா? பிரான்சு நாட்டு மருத்துவம் தாழ்ந்ததா? இல்லை. ஐந்தும் ஆங்கிலம் ஆளும் நாடுகள். வெள்ளையன் 1947-இல் கப்பலேறினான். அவன் மொழி தில்லியின் நாற்காலியில் இருந்து இறங்கவே இல்லை.

மூன்றாவது, 2021 நவம்பரில் வந்த புதிய விதிகள் இதனினும் ஒரு படி மேலே சென்றன. அயல்நாட்டில் படிக்கும் மருத்துவப் படிப்பு ஐம்பத்து நான்கு திங்களுக்குக் குறையலாகாது. அங்கேயே பன்னிரண்டு திங்கள் மருத்துவமனைப் பயிற்சி வேண்டும். படித்தது ஆங்கில வழியிலேயே இருக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. உருசியாவுக்குப் போனாலும் ஆங்கிலத்தில் படி. கிர்கிசியாவுக்குப் போனாலும் ஆங்கிலத்தில் படி என்பது சட்டம்! ஓர் இளைஞன் உருசிய மொழியை ஐயந்திரிபறக் கற்று, அந்நாட்டு மாணவரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, அவர்கள் மொழியிலேயே மருத்துவம் பயின்று முதல்வனாகத் தேறினாலும், அவன் பட்டம் இங்குச் செல்லாது. நல்ல மருத்துவனா என்பதன்று வினா. ஆங்கிலவழி மருத்துவனா என்பதே வினா.

பிற நாட்டார் எப்படிச் செய்கின்றனர்?

அயலில் பயின்ற மருத்துவனுக்கு உரிமம் தரும் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால், ஒரு காலத்தில் நாமே அந்த அயலாராக இருந்தோம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்களை இலண்டனிலுள்ள பொது மருத்துவ மன்றம் ஏற்று வந்தது. இங்கு மகப்பேற்று மருத்துவப் பயிற்சி போதவில்லை என்று பல ஆண்டு குறை கூறிவிட்டு, 1930-இல் அவ்வேற்பை விலக்கிக்கொண்டது. அந்த இழுக்குக்குப் பின்னரே 1933-இல் இந்திய மருத்துவ மன்றச் சட்டம் பிறந்தது. பின்னர் மீண்டும் ஏற்றுக்கொண்ட இலண்டன், 1975-இல் மீண்டும் கை விரித்தது. இந்தியாவிலிருந்து வரும் மருத்துவர் தேர்வெழுதித்தான் தொழில் செய்யலாம் என்றது. அத்தேர்வில் மருத்துவ அறிவை மட்டுமா ஆராய்ந்தது? ஆங்கில மொழியறிவையும் ஆராய்ந்தது. இங்கு ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே கனாக் கண்டவர்களையும், “எம் நோயர் பேசுவது உனக்கு விளங்குமா?” என்று கேட்டது.

அதைத் தவறென்று நான் சொல்லவில்லை. ஆங்கிலேயன் தன் நோயாளிக்காகத் தன் மொழியைக் காத்தான். அது அவன் கடமை.

செருமனியைப் பாருங்கள். அயல்நாட்டில் படித்த மருத்துவர் அங்குத் தொழில் உரிமம் பெற, மருத்துவச் செருமன் மொழித் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். அத்தேர்வு மூன்று கூறுடையது. முதற்கூறு, நோயரோடு இருபது நிமையம் உரையாடல். நோயராக நடிப்பவர் தம் துன்பத்தைப் பொதுமக்கள் பேச்சில் சொல்வார். மருத்துவர் அதனைக் கேட்டறிந்து, இலத்தீன் சொற்களை அடுக்காமல், அவருக்கு விளங்கும் எளிய செருமனில் விளக்க வேண்டும். இரண்டாம் கூறு, கேட்டதை எழுதுதல். மூன்றாம் கூறு, மற்றொரு மருத்துவரிடம் அந்நோயைத் துறைமொழியில் எடுத்துரைத்தல். இத்தேர்வைப் பெரும்பாலும் நடத்துவன அங்குள்ள மாநில மருத்துவ மன்றங்கள். ஒரு மாநிலத்தின் மருத்துவ மன்றம் மொழித் தேர்வு நடத்தினால் நாடு உடைந்துவிடும் என்று அங்கு எவரும் கூக்குரலிடவில்லை.

உருசியாவுக்கே வாருங்கள். ஆங்கில வழி என்று சொல்லி நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டாலும், மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவர் உருசிய மூதாட்டி. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே அந்நாட்டு மருத்துவப் பல்கலைக்கழகங்கள் அயல்நாட்டு மாணவர்க்கு உருசிய மொழியைத் தனிப்பாடமாகக் கற்பிக்கின்றன. நாமக்கல் பிள்ளை, “எங்கே வலிக்கின்றது? எத்தனை நாளாக வலிக்கின்றது?” என்று உருசியத்தில் கேட்கக் கற்கின்றான். கற்ற பின்னர்தான் அந்த மூதாட்டியின் கையைப் பிடிக்கின்றான். அவனே தாய்நாடு திரும்பி உரிமம் கேட்கும்போது, தமிழ் மூதாட்டியிடம் பேசத் தெரியுமா என்று எவரும் கேட்பதில்லை. உருசியக் கிழவிக்கு இருக்கும் மதிப்பு நம் கிழவிக்கு இல்லை! இதனினும் பெரிய இழிவு வேறு உண்டோ?

தமிழ்ப்பிள்ளைக்குத் தமிழ் தெரியாதா?

“தமிழ்நாட்டில் பிறந்தவனுக்குத் தமிழ் தெரியாதா? இது என்ன வீண்வாதம்?” என்று சிலர் கேட்பர். முப்பதாண்டாக வகுப்பறையில் நின்று தமிழ் கற்பித்தவன் என்னும் முறையில் விடை சொல்கின்றேன். தெரியாது. இவ்வட்டாரத்து விடுதிப் பள்ளிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழலை வகுப்பிலிருந்தே ஆங்கிலம். வளாகத்துள் தமிழ் பேசினால் தண்டம். மதிப்பெண் போதும் என்று தமிழை நெட்டுருச் செய்தல். ஊர்த்திருவிழாவுக்கும் வீட்டுக்கு வாராமை. அதன்பின் ஆறாண்டு அயல்நாடு. இப்படி வளர்ந்தவன் தமிழில் பேருந்துக்கு வழி கேட்பான், திரைப்படம் பார்ப்பான். நோயின் தமிழ் அவனுக்கு எங்கிருந்து வரும்?

நோய்க்கென்று ஒரு தமிழ் இருக்கின்றது. அது நம் ஊர்ப்புறத்து மக்கள் வாயில் இன்றும் வாழ்கின்றது. வலி என்னும் ஒரு பொருளுக்குள் எத்தனை வகை! குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிவு, இழுப்பு, பிசைவு, தெறிப்பு, மதமதப்பு. இவை ஒரு பொருட் பன்மொழி அல்ல. காது குடைவது வேறு, காது குத்துவது வேறு. கை உளைவது வேறு, கை மதமதப்பது வேறு. முன்னது தசையின் களைப்பாகலாம், பின்னது நரம்பின் குறையாகலாம். ஒரு முதியவர் “நெஞ்சு கரிக்கின்றது” என்றால், இரைப்பைப் புளிப்பு மேலேறுவதை முதலில் எண்ணலாம். அவரே “நெஞ்சை அடைக்கின்றது” என்றால், நெஞ்சாங்குலைக்குக் குருதி செல்லும் வழி அடைபட்டதோ என்று அக்கணமே பதறி எழ வேண்டும். “தலை கிறுகிறுக்கின்றது” என்றால் சுழற்சி. உட்செவியைப் பார்க்கச் சொல்லும் சொல் அது. “கண்ணை இருட்டிக்கொண்டு வருகின்றது” என்றால் மயக்கத்தின் வாயில். குருதியழுத்தத்தையும் நெஞ்சத் துடிப்பையும் பார்க்கச் சொல்லும் சொல் அது. இவ்விரண்டையும் ‘தலைசுற்றல்’ என்று ஒரே சொல்லால் குறித்துக்கொள்ளும் மருத்துவன், நோயர் தந்த பாதி விடையைத் தரையில் சிந்திவிடுகின்றான்.

ஒரு பெண், “முழுகாமல் இருக்கின்றேன்” என்று தலை கவிழ்ந்து சொல்கின்றாள் என்று வையுங்கள். கருவுற்றிருக்கின்றாள் என்பது அதன் பொருள். நம் பாட்டிமாரெல்லாம் அறிந்த வழக்கு இது. அறியாதவன், வீட்டில் தண்ணீர்த் தட்டுப்பாடா என்று கேட்பான். கருவுக்கு ஆகாத மருந்தையும் எழுதித் தருவான். நகைக்கலாம், நகைத்து முடித்தபின் அந்தப் பெண்ணின் வயிற்றில் உள்ள உயிரை எண்ணிப் பாருங்கள்.

முந்நூறு வினாவுள் இப்படி ஒரு வினா உண்டா? ஒன்றும் இல்லை. அரிய நோய்களின் ஆங்கிலப் பெயர்களை, வெள்ளைக்காரர் பெயரால் அமைந்த அறிகுறிகளைக் கேட்பார்கள். கொல்லிமலையிலிருந்து இறங்கி வரும் தாய் சொல்வது விளங்குமா என்று கேட்கமாட்டார்கள். அவ்வினா தேர்வில் இல்லாததால், தேறிய மருத்துவன் தமிழ்நாட்டான் ஆயினும், தமிழே அறியாத பிற மாநிலத்தான் ஆயினும், சேலத்தில் வாயிற்பலகை மாட்டலாம். பிற மாநிலத்தார் வரலாகாது என்பதன்று நம் கூற்று. வருபவர் வரட்டும், நோயர் மொழியைக் கற்று வரட்டும். கன்னட நாட்டில் தொழில் செய்யப் போகும் தமிழ் மருத்துவனும் கன்னடம் கற்றுத்தான் போக வேண்டும். நமக்கொரு முறை, பிறர்க்கொரு முறை என்று நாம் கேட்கவில்லை.

திருவள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்பவை அவை. அவற்றுள் முதலில் வைத்தது யாரை? நோயுற்றவனை. ஈராயிரம் ஆண்டுக்கு முன் தமிழன் கண்ட அவ்வுண்மையைத் தில்லியின் விதிநூல் கவிழ்த்துப் போட்டது. அதில் தீர்ப்பவன் இருக்கின்றான். அவன் படித்த கல்லூரி இருக்கின்றது. திங்கள் கணக்கும் கட்டணக் கணக்கும் இருக்கின்றன. நோயுற்றவனும் அவன் வாய்மொழியும் இல்லை.

“தமிழில் சொல் இல்லை” என்னும் பழைய பொய்

தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்றால், உடனே ஒரு கூட்டம், “மருத்துவத்துக்குத் தமிழில் சொல் ஏது?” என்று கிளம்பும். இப்பொய்க்கு விடை சொன்னவர் தமிழரும் அல்லர், ஓர் அமெரிக்கர். சாமுவேல் கிறீன் என்னும் அம்மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், கற்றவர்கள் ஊர்மக்களுக்குப் பயன்பட வேண்டுமாயின் தமிழில்தான் கற்பிக்க வேண்டும் என்று உணர்ந்து, 1860-களில் தமிழுக்கு மாற்றினார். உடற்கூற்றியலையும் அறுவை மருத்துவத்தையும் வேதியியலையும் தமிழில் நூலாக்கினார். அவரிடம் பயின்ற அறுபதுக்கு மேற்பட்டோருள் முப்பதின்மருக்கு மேல் தமிழிலேயே மருத்துவம் பயின்றவர்கள். அவர் சொற்களில் வடசொற்கலப்பு மிகுதி. ‘இரண வைத்தியம்’ என்றே 1867-இல் நூற்பெயர் வைத்தார். இன்று நாம் அதனை அறுவை மருத்துவம் என்போம். சொல்லைத் திருத்திக்கொள்ளலாம், அவர் செய்த செயலை மறுக்க முடியுமா? நூற்றைம்பது ஆண்டுக்கு முன் அயலானுக்கு இயன்றது இன்று நமக்கு இயலாதா?

சேலம் நகராட்சிக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ் கற்பித்த மொழிஞாயிறு பாவாணர், எத்துறைக்கும் தமிழ் வேரிலிருந்து சொல் முளைக்கும் என்று வாழ்நாள் முழுதும் காட்டினார். அவர் நடந்த மண்ணில் நின்றுகொண்டு, தமிழில் சொல் இல்லை என்று சொல்ல நாக் கூச வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகமே மருத்துவ நூல்களைத் தமிழாக்கி வெளியிட்டுள்ளது. மத்தியப் பிரதேசத்தில் 2022 அக்குதோபரில் இந்தியில் மருத்துவக் கல்வி தொடங்கப்பட்டபோது, நடுவண் உள்துறை அமைச்சரே போபால் சென்று நூல்களை வெளியிட்டார். இந்திக்கு ஆகும், தமிழுக்கு ஆகாதோ? இந்திக்கு நடுவணமைச்சர் வானூர்தியில் பறக்கின்றார். தமிழுக்குச் சொல் போதாது என்று இங்குள்ள தமிழனே தடை சொல்கின்றான்.

நுழைவுத் தேர்வாகிய நீட்டை 2017 முதல் தமிழிலும் நடத்துகின்றார்கள். 2018-இல் அதன் தமிழ் வினாத்தாளில் நாற்பத்தொன்பது வினாக்கள் பிழைபட இருந்தன என்று வழக்கு வந்தது. சென்னை உயர்நயன்மன்றத்தின் மதுரைக் கிளை, ஒரு வினாவுக்கு நான்காக 196 மதிப்பெண் வழங்கச் சொல்லிற்று. உச்சநயன்மன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. பிழை செய்தவன் தில்லியில் இருந்தான். இழந்தவன் தமிழ்வழி மாணவன். இதனால் நாம் கற்பது என்ன? தமிழில் தேர்வு வைப்பதாயின், தமிழறிந்தார் கையில் அப்பணி இருக்க வேண்டும். தில்லியின் மொழிபெயர்ப்புக் கூலியாள் கையில் அன்று. தகுதிகாண் தேர்விலோ வினாத்தாளையே வெளியிடுவதில்லை; சரியான விடை எது என்றும் சொல்வதில்லை. தோற்றவன் எங்குத் தோற்றான் என்று அறியவும் வழி இல்லை. மூடிய பெட்டிக்குள் நடப்பதை நேர்மை என்று நம்பச் சொல்கின்றார்கள்.

நம் அரசு என்ன செய்யலாம்?

எல்லாம் தில்லியின் கையில் என்று சோர்ந்து இருப்பதும் தவறு. மருத்துவத் தொழில் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். 1914-ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டத்தின் வழிவந்த மருத்துவ மன்றம் நம்மிடம் உள்ளது. இங்குத் தொழில் செய்வோரின் பதிவேடு அதன் கையில் இருக்கின்றது. 2021 திசம்பரில் தமிழ்நாட்டரசு, அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளைக் கட்டாயமாக்கியது. அரசு மருத்துவமனையில் மருத்துவராகச் சேர்வோர்க்கும் தமிழ்த் தகுதித் தேர்வு வந்தது. சம்பளம் வாங்கத் தமிழ் வேண்டும் என்று சொன்ன அரசு, கத்தி பிடிக்கத் தமிழ் வேண்டும் என்று சொல்ல ஏன் தயங்குகின்றது? அரசு மருத்துவமனை நோயன் மட்டுமா தமிழன்? தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கிப் பணம் கட்டுகின்றவன் தமிழன் இல்லையா?

நம் அரசின் குற்றத்தையும் மறைக்கலாகாது. அயல்நாட்டில் படித்துத் தேர்விலும் தேறி வந்த பிள்ளைகளிடம், இங்கு ஓராண்டுப் பயிற்சிக்கென்று 2022 வரை இலக்கக் கணக்கில் கட்டணம் வாங்கியதும் இதே தமிழ்நாடுதான். அவ்வாண்டு மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் பயிற்சிக்குக் கட்டணம் கூடாது என்ற பின்னரே இங்குக் கட்டணம் குறைந்தது. தமிழ்ப்பிள்ளையின் துயரில் தில்லியைக் குறை சொல்லும் வாய்க்கு, சென்னையின் கையும் தெரிய வேண்டும்.

தில்லி தடுக்கும் என்பதை நாம் அறியாமல் இல்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது, அங்குப் படித்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டு மாணவர் ஏறத்தாழ ஈராயிரவர் உயிர் தப்பி வந்தனர். அவர்களை இங்குள்ள கல்லூரிகளில் சேர்க்க வழி செய்யக் கேட்டபோது, சட்டத்தில் இடமில்லை என்று அவ்வாண்டு செப்தம்பரில் நடுவணரசு உச்சநயன்மன்றத்தில் கைவிரித்தது. நீட்டு விலக்குக்காக நம் சட்டமன்றம் 2021-இல் நிறைவேற்றிய சட்டமுன்வடிவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்பிரலில் முதலமைச்சரே சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆகவே வழி எளிதன்று. எளிதன்று என்பதற்காகக் கேளாதிருந்தால், கேட்காத பிள்ளைக்குப் பால் எவரும் தரார்.

நாம் கேட்பவை நான்கு. அயல்நாட்டில் படித்தார்க்கும் உள்நாட்டில் படித்தார்க்கும் உரிமத்தில் ஒரே துலாக்கோல் வேண்டும். ஆங்கில நாடு ஐந்துக்குத் தனிச் சலுகை கூடாது. தகுதிகாண் தேர்வைத் தமிழிலும் எழுத இடம் வேண்டும். வினாவும் விடையும் வெளியாக வேண்டும். தமிழ்நாட்டில் எவர் தொழில் செய்தாலும், எங்குப் படித்திருந்தாலும், நோயர் பேச்சைக் கேட்டுணர்ந்து தமிழில் விளக்கும் வாய்மொழித் தேர்வு ஒன்றைத் தமிழ்நாட்டு மருத்துவ மன்றம் நடத்தி, அதன்பின்னரே பதிவு செய்ய வேண்டும். ஆங்கிலவழியில் படித்திருந்தால்தான் அயல்நாட்டுப் பட்டம் செல்லும் என்னும் அடிமை விதி ஒழிய வேண்டும்.

சட்டம் வரும்வரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. பெற்றோரே, பிள்ளையை மருத்துவனாக்க விரும்பினால் முதலில் அவனைத் தமிழனாக்குங்கள். விடுமுறையில் பாட்டியிடம் விடுங்கள். அவள் நோவைச் சொல்லும்போது அருகிருந்து கேட்கச் சொல்லுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும் தமிழரே, அறுவைக்கு ஒப்பம் கேட்டு ஆங்கிலத் தாளை நீட்டினால், “தமிழில் கொடுங்கள், படித்துவிட்டு ஒப்பமிடுகின்றேன்” என்று சொல்லுங்கள். மருந்தை எப்படி உண்பது என்பதைத் தமிழில் எழுதித் தரக் கேளுங்கள். அயல்நாட்டில் படித்து வந்த இளைஞரே, உம்மை நாம் பழிக்கவில்லை. நீர் எம் வீட்டுப் பிள்ளை. பனியில் நடுங்கி உருசியம் கற்ற உமக்கு, வெயிலில் வாடும் நம் மக்களின் தமிழைக் கற்பது அரிதன்று.

மருத்துவனின் அறிவுக்கு வாயில் நோயனின் சொல். அவ்வாயிலுக்கு ஆங்கிலப் பூட்டுப் போட்டுவிட்டு, உள்ளே எத்தனை அறிவு இருந்து என்ன? தமிழன் தன் நோவைத் தன் மொழியில் சொல்லட்டும். அதனைக் கேட்டறியும் செவி உடையவனுக்கே இம்மண்ணில் மருத்துவ உரிமம் கிடைக்கட்டும்!